ஆறு தடவை செத்தவள்

"என்னிக்காவது ஒரு படத்துல கடைசி சீன் வரைக்கும் நான் உயிரோட இருக்கணுங்க."

"டைரக்டர்கிட்ட கேட்டுட வேண்டியதுதானே?"

"எனக்குக் கூச்சமா இருக்கு. நீங்க கேளுங்களேன்."

"நல்லா இருக்கே! முகமூடி போட்ட கொலைகாரன் வாயே திறக்கக் கூடாதுங்க. திகில் படத்தோட முதல் சட்டமே அதுதான்."

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், படப்பிடிப்பு இடைவேளையில், ரப்பர் கத்தியால் முதுகைச் சொறிந்துகொண்டே, கொலைகாரனாக நடித்த அவர் அவளுக்குச் சொன்ன பதில் அது. பிறகு இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. ஆறு படங்களில் அவர் அவளைக் கொன்றார். ஆறிலும் முதல் சாவு அவளுடையதுதான். ஒவ்வொரு தடவையும் கொன்று முடித்ததும், அவள் உடையிலிருந்த சாயக்கறையை அவரே உட்கார்ந்து துவைத்துக் கொடுப்பார். அவளும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இன்று ஏழாவது படம். பழைய திகில் படங்களைக் கிண்டல் செய்கிற படம். பாத்திரங்களுக்கே எல்லாச் சட்டமும் அத்துப்படி. 'போய்ப் பார்த்துட்டு வரேன்' என்று யாராவது கிளம்பினால், மற்றவர்கள் கைகுலுக்கி வழியனுப்பி வைப்பார்கள். அப்படிக் கிளம்ப வேண்டியவள் அவள்.

"உங்களை விட்டா வேற யாரு ஆன்ட்டி முதல்ல சாகறது?" என்று ஆசையாகக் கூப்பிட்டிருந்தாள், அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த இளம் இயக்குநர்.

கொலைகாரர் இதிலும் அவர்தான். முதல் டேக்கில் அவர் அவளை விட்டுவிட்டுத் திரைச்சீலையைக் குத்தினார்.

"மூக்குக்கண்ணாடி இல்லாம அவருக்குக் கண்ணு தெரியாதும்மா," என்றாள் அவள். கண்ணாடி அவள் கைப்பையில் இருந்தது.

தரையில் வெள்ளை டேப் ஒட்டினார்கள். நூல் பிடித்தாற்போல் அதன்மேல் நடந்து வந்தவர், அவளைத் தாண்டிப் போய் சோபாவைக் குத்தினார்.

"இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்..." என்று சாக வேண்டியவளே கிசுகிசுத்தாள். ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். சரி என்று சத்தம் போடாமல் கையை ஆட்டிக் காட்டினாள். கத்தி இயக்குநரின் நாற்காலியில் இறங்கியது.

"தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. இன்னொரு தடவை தவறினா அங்கிளுக்குப் பதில் வேற ஆளைப் போட்டுடுவேன்."

அவளுக்குப் பகீரென்றது. வேறொருத்தன் கையால் சாவதா?

அடுத்த டேக்கில் அவளே அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியைத் தன் வயிற்றுக்கு இழுத்தாள். அவர் அந்தப் பக்கம் இழுத்தார். கத்தி இரண்டாக அறுந்தது.

"என்னங்க, கொஞ்சம் ஒத்துழைங்களேன்! வேலை போயிடும்!"

மாற்றுக் கத்தியோடு வந்த முகமூடி செய்யும் பெண் விழித்தாள். "கண்ணு தெரியலையா? சாரோட பவருக்கே கண்ணாடி வாங்கி முகமூடிக்குள்ள பொருத்தியிருக்கேனே! காலையில அதைப் போட்டுக்கிட்டுதானே பேப்பர் படிச்சாரு!"

எல்லோரும் கொலைகாரரைப் பார்த்தார்கள். அவர் முகமூடியைக் கழற்றவில்லை. ஆனால் வாயைத் திறந்தார்.

"டைரக்டரம்மா, இந்த ஒரு படத்துலயாவது அவ கடைசி சீன் வரைக்கும் உயிரோட இருக்கட்டுமே."