அட்டை மட்டும் தமிழில்

படித்தவன் என்று பெயர் எடுப்பது பெரிய ஆபத்து. ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை அன்றோடு போய்விடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் ரேஷன் கார்டு முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் நானே நிபுணன். (வாஷிங் மெஷின் கதை இங்கே வேண்டாம்.)

கோலார் தங்கவயலிலிருந்து விடியுமுன் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் எங்கள் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கதை வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிக்கிறவருக்கு ஜன்னல் சீட்டு. நிற்கவே இடமில்லாத வண்டியில் அது மந்திரி பதவி. அந்தப் பதவியில் இருந்தவன் நான்.

போனில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கொலை விழுகிற நேரம் பார்த்து யாராவது கூப்பிடுவார்கள். மின்னூல் கருவி வாங்கப்போவதாக அறிவித்தேன். ஒரு மாடல் எல்லா வகைக் கோப்பையும் திறக்கும், லைட் கிடையாது. இன்னொன்றில் லைட் உண்டு, ஆனால் அதன் கம்பெனி வகைக் கோப்பை மட்டுமே திறக்கும்.

“லைட் இல்லாதத வாங்கி இன்னாடா பண்ணுவே? எங்கப்பா சுரங்க ஷாஃப்ட்ல எறங்கறப்ப மொதல்ல லைட்டதான் பாப்பாரு” என்றார் செக்யூரிட்டி வேலைக்குப் போகும் செல்வராஜ் அண்ணன்.

எல்லாரும் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள். வெளிச்சம் வருமா, பேட்டரி நிற்குமா, விழுந்தால் தாங்குமா என்று அலசி, லைட் உள்ளதையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம். அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. (நிபுணனும்தான்.)

அப்போது வாசித்துக்கொண்டிருந்த கொலைக் கதையில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. இலவச மென்பொருள் ஒன்றில் கோப்பை மாற்றிக் கருவியில் ஏற்றினேன். அட்டைப்படம் அழகாக வந்தது, தலைப்பும் தமிழில். வேறென்ன வேண்டும்? போனிலிருந்த புத்தகத்தை ஆப்போடு சேர்த்து அழித்துவிட்டேன்.

மறுநாள் பங்காருபேட்டை தாண்டியதும் பந்தாவாக லைட்டைப் போட்டு அட்டையைத் திருப்பினேன். கட்டம். பக்கம் பூராவும் எழுத்துக்குப் பதில் கட்டம். பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டிய மாதிரி. போனில் திரும்ப இறக்கலாமென்றால் சிக்னல் இல்லை.

“இன்னாப்பா, யாரு கொலகாரன்?” என்றார் கார்மெண்ட்ஸுக்குப் போகும் மேரி அக்கா.

“லோட் ஆவுதுக்கா.”

“எம்மாந்நேரம்? வாசி, இல்லேன்னா எய்ந்திரு. சீட்டு வாசிக்கிறவனுக்குத்தான்.”

பதவி ஆசை யாரை விட்டது? கட்டங்களைப் பார்த்தபடியே கணீரென்று ஆரம்பித்தேன். “கொலை செய்தது வேறு யாருமல்ல, டாக்டர்தான்!”

“டாக்டர் ஆரம்பத்துலயே செத்துட்டாரேடா!” என்று பெட்டியே கத்தியது.

செல்வராஜ் அண்ணன் கருவியைப் பிடுங்கிப் பார்த்தார். “அடப்பாவி, இன்னாடா இது, குறுக்கெழுத்துப் போட்டியா?”

அந்தச் சிரிப்பில் என் பதவி பறிபோனது. ஜன்னலோரம் உட்கார்ந்த மேரி அக்கா, முடிவைத் தானே சொல்ல ஆரம்பித்தார். ஆளுக்கொரு திருத்தம். பெங்களூர் வருவதற்குள் கொலைகாரனைத் திருத்தி, கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டார்கள். மறுநாள் நான் நிஜமான முடிவோடு போனால், “அது தப்பு. நேத்து முடிஞ்சதுதான் கரெக்ட்டு” என்று ஒரே குரல்.

என் கல்யாணத்துக்கு அந்தப் பெட்டி மொத்தமும் வந்தது. மேரி அக்கா மேடையேறி, மணப்பெண்ணின் காதில் ரகசியம்போல மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்: “உள்ள தொறந்து பாத்தியாம்மா? அட்டைய மட்டும் நம்பிடாதே.”

இப்போதெல்லாம் நான் எதற்காவது பெருமையடித்துக்கொண்டால், என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

“அட்டை நல்லாகீது” என்கிறாள்.