பொறுமை இல்லாத ப்ராக்ஸி

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சர்வர்க்காரர் லீவு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். 'நேரம் முடிந்தது, பதில் இல்லை' என்று வந்தது. நாளைக்கு மச்சினன் கல்யாணம்.

போனில் மனைவி.

"லீவு கிடைச்சுதா?"

"போட்டுட்டேன். மெஷின்தான் மக்கர் பண்ணுது."

"எங்க தங்கச்சி கல்யாணத்துக்கும் இதையேதான் சொன்னீங்க. இந்தத் தடவையும் வரலைன்னா நான் அம்மா வீட்டுலயே இருந்துக்கறேன்."

போனை வைத்தார். சொன்னால் செய்கிறவள்.

ஆபீஸில் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், நடுவில் நின்று கேள்வியையும் பதிலையும் கடத்தும் ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அதற்குச் சொல்லிவைப்பது இவர் வேலை. லீவுப் பக்கமோ ஆடி அசைந்து வருகிற ரகம். கால வரம்பே வேண்டாம் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டார். காத்திருக்கவே வேண்டாம் என்று ப்ராக்ஸி எடுத்துக்கொண்டது. கேட்ட கையோடு எல்லோருக்கும் கையை விரித்தது.

கணக்குப் பிரிவு அக்கா எட்டிப் பார்த்தாள். "தம்பி, திறந்தா உடனே மூடிக்குதே?"

"ரெண்டே நிமிஷம்க்கா."

மைனஸ் ஒன்று போட்டால் வரம்பில்லை என்று எங்கோ படித்த ஞாபகம். போட்டார். 'இந்த எண் செல்லாது' என்று சொல்லிவிட்டு ப்ராக்ஸி எழுந்திருக்கவே மறுத்தது.

"தம்பி, இப்ப மூடறதுக்குக்கூடத் திறக்கலை."

"தெரியும்க்கா!"

அவருக்கு வீம்பு வந்துவிட்டது. செல்லாத எண் இருந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி சேர்த்தார். ப்ராக்ஸி எழுந்தது. ஆனால் வரம்பு என்ற பேச்சையே மறந்துவிட்டு, முதலில் வந்தவர்களின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தது. பின்னால் வந்தவர்கள் வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். மாடி முழுக்கத் திரைகளில் வட்டம் சுற்றியது.

போதுமடா சாமி என்று பழைய எண்ணையே போட்டார். எல்லாம் பழையபடி ஓடியது. லீவுப் பக்கமும் பழையபடி 'நேரம் முடிந்தது' என்றது.

நேரில் போய்க் கெஞ்சிவிடுவோம் என்று மேனேஜர் அறைக்கு ஓடினார். அறை பூட்டியிருந்தது. வெளியே உதவியாளர் மட்டும் இருந்தார்.

"சார் கிளம்பிட்டாரே."

"ஐயோ, என் லீவு! அதை அனுப்பத்தான் காலைலேர்ந்து முட்டி மோதிட்டிருக்கேன்."

"அது மொதல் தடவையே வந்துடுச்சே! பதில்தான் உங்களுக்கு வந்து சேரலை போல. சாரும் உடனே சரின்னுட்டாரு. அப்புறம் எவனோ சர்வரைக் கெடுத்துட்டான்னு கேள்விப்பட்டு, அதைப் பார்த்துக்க நீங்க இருந்தாத்தான் ஆகும்னு போறப்போ லீவை ரத்து பண்ணிட்டாரு."