பதினாறு பிட் ரேட்டில் ஒரு வீணை

என் அக்கா குற்றாலத்தில் பாடியதை நேரில் கேட்டவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு தானாக நிமிரும். அன்றைக்கு அவள் பாட்டுக்குப் பின்னணி இசை ஏற்பாடு செய்தது யார் என்று யாராவது கேட்டால் மட்டும், நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்கு வந்துவிடும். காபி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரத்தில் எங்கள் தெருவில் எம்பி3 பிளேயர் வைத்திருந்த ஒரே ஆள். பக்கத்து வீட்டு காதர் அண்ணாச்சி துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பாதிச் சீப்பு அளவுதான் இருக்கும். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு உண்டு. குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். (அப்போதும் வாசலில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரிதான் தொங்கவிடுவேன்.)

அந்தப் பிளேயரில் இடம் மிகக் குறைவு. சாதாரண ஆளாக இருந்தால் பிடித்த பாட்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பான். நான் பிட் ரேட் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டேன். பாட்டை எம்பி3யாக மாற்றும்போது, ஒரு வினாடி ஒலிக்கு எவ்வளவு தகவல் ஒதுக்கலாம் என்று கம்ப்யூட்டர் கேட்கும். அந்த எண்தான் பிட் ரேட். எண்ணைக் கூட்டினால் தரமும் கூடும், இடமும் அதிகம் பிடிக்கும். குறைத்தால், மனிதக் காது கவனிக்காது என்று கம்ப்யூட்டர் நினைக்கிற ஒலிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடும். இன்னும் குறைத்தால், காது கவனிக்கிற ஒலிகளையும் தூக்கிப் போடும். இந்தக் கடைசி விஷயத்தைப் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

நானே பரிசோதனையும் செய்தேன். ஒரே பாட்டை முன்னூற்று இருபதில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று மாற்றி ஏற்றிக்கொண்டு, தென்காசி டவுன் பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. டிரைவர் கியர் மாற்றும் சத்தத்தில் உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டும் ஒன்று போலத்தான் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட சந்தோஷத்தில், பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிளேயரிலேயே இருந்த மைக்கில் என் குரலைப் பதிவு செய்தேன். அந்தப் பதிவைப் பற்றிப் பிறகு ஊரே தெரிந்துகொண்டது.

இனி அக்கா. பேர் பேச்சியம்மாள். போலீஸ் கான்ஸ்டபிள். சீசன் வந்துவிட்டால் ஐந்தருவியில் டூட்டி. பெண்கள் வரிசையை ஒழுங்கு செய்வது, ஷாம்பு எண்ணெய் பாக்கெட்டோடு வருகிறவர்களிடம் பிடுங்கிப் போடுவது, தண்ணீர் கூடினால் எல்லாரையும் வெளியேற்றுவது. அருவி இரைச்சலைத் தாண்டிக் குரல் போக வேண்டும். அவள் "ஏட்டி, வெளிய வா!" என்று ஒரு சத்தம் கொடுத்தால், கூப்பிடப்படாதவர்களும் வெளியே வந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போடும்போது பாடுவாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பாள்.

அந்த வருடம் குற்றாலத்தில் சீசன் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். அக்கா பெயர் கொடுத்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. வேலையிலிருந்து மட்டும்தான் ஓய்வு.

"யூனிஃபார்ம் போடுதவ மேடையேறிப் பாடுனா எவன்ட்டி மதிப்பான்? நாளைக்கு நீ லத்திய ஓங்குனா, 'எங்க, ஒரு பாட்டு பாடுங்க மேடம்'னு கேப்பான்."

"லீவு நாள்லதாம்ப்பா. சேலைலதான் பாடுதேன். ஒரே ஒரு தடவ."

அப்பா வெகுநேரம் மீசையைத் தடவினார். "சரி, பாடு. ஆனா ஊரு சிரிச்சிட்டுன்னா அதோட விட்டுரணும். அப்புறம் பாட்டுங்கற பேச்சே இந்த வீட்டுல இருக்கக்கூடாது."

"விட்டுருதேன்" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

பாட்டு ஒரு பழைய மெல்லிசை. வீணையில் தொடங்கும், தபேலா சேரும், நடுவில் புல்லாங்குழல். பாட்டு இல்லாமல் இசை மட்டும் உள்ள சிடி ஒன்றை அக்கா திருநெல்வேலியில் தேடி வாங்கி வைத்திருந்தாள். அந்த சிடியை அப்படியே மைக்செட்காரர் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இல்லை.

"சிடியாக்கா? சாரல் பட்டா நடுவுல தாவும். என் பிளேயர்ல ஏத்தித் தாரேன். தாவவே தாவாது."

அது உண்மைதான். ஆனால் பிளேயரில் இடம் இல்லை. நான் திணித்து வைத்திருந்த பாட்டுகளில் ஒன்றைக்கூட அழிக்க மனம் வரவில்லை. (அதில் பாதியை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.) மிச்சமிருந்த இடுக்கில் வீணை, தபேலா, புல்லாங்குழல் மூன்றும் அடங்க வேண்டுமென்றால் பிட் ரேட்டைப் பதினாறுக்கு இறக்க வேண்டும். இறக்கினேன். இரண்டு பக்கமும் கேட்கிற ஸ்டீரியோவை ஒற்றை மோனோவாக்கினேன். போதாதற்கு, பெரிய ஸ்பீக்கருக்கு இருக்கட்டும் என்று பிளேயரில் தடதடக்கும் அடி ஒலிக்கான 'பாஸ்' அமைப்பையும் முழுதாகக் கூட்டி வைத்தேன்.

"ஏலே, கேக்க நல்லா இருக்குமாலே?"

"காதுக்குத் தேவையில்லாதத மட்டுந்தாங்க்கா அது தூக்கும்."

"எது தேவையில்லன்னு யாருலே முடிவு பண்ணுதா?"

"கம்ப்யூட்டர்க்கா."

அக்கா அரைமனதாகத் தலையாட்டினாள். "நீ படிக்கவன். சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போட்டி நாளில் நல்ல சாரல். சிப்ஸ் கடை வாசனையும் ஈரத் துண்டு வாசனையுமாகக் கூட்டம் நிரம்பியிருந்தது. அப்பா கடைசி வரிசையில், யாருக்கும் தெரியாதவர் போல, குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மைக்செட்காரருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு அமர்ந்தேன். அவர் தன் மேசையில் இருந்த சிடி பிளேயரைக் காட்டி, "சிடி இல்லையா தம்பி?" என்றார். நான் லேசாகச் சிரித்தேன். இவருக்கு எங்கே புரியப் போகிறது என்கிற சிரிப்பு.

அக்கா மேடைக்கு வந்தாள். அரக்குச் சேலை. கீழே ஒரு சலசலப்பு.

"ஏலே, இது அஞ்சருவி போலீஸ்லா!"

"ஆமாலே! நேத்து என் ஷாம்ப புடுங்குனது இந்தம்மாதான்!"

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

பஸ்ஸில் காதுக்குள் ஒலித்த அதே வீணை, ஆளுயர ஸ்பீக்கர்கள் வழியாக வெளியே வந்தது. தகர டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு எப்படி ரீங்கரிக்கும், அப்படி. தொடர்ந்து தபேலா. யாரோ உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றித் தொண்டையைக் கொப்பளிக்கிற மாதிரி. நான் கூட்டி வைத்த பாஸில் மேடைப் பலகை அதிர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சளசளவென்று ஒரு நீரோட்டச் சத்தம்.

"மைக்குக்குள்ள அருவி விழுதுலே!" என்றான் ஒருவன்.

"தண்ணி கூடிட்டு! எல்லாரும் வெளிய வாங்க!" என்று இன்னொருவன் அக்கா குரலிலேயே கத்தினான்.

கூட்டம் சிரித்தது. சும்மா இல்லை, விழுந்து விழுந்து சிரித்தது. ஊர் சிரித்தால் விட்டுவிட வேண்டும் என்ற அப்பாவின் பேச்சு என் காதில் மணியடித்தது. வீணை எங்கே முடிகிறது என்று தெரியாமல் அக்கா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். எந்த இடத்தில் பாட்டை எடுப்பது என்பதற்கான அடையாளத்தையும் கம்ப்யூட்டர் தேவையில்லை என்று தூக்கிப் போட்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். "நிப்பாட்டுலே."

நிறுத்தத்தான் போனேன். அவசரத்தில் விரல் அடுத்த பாட்டுக்குப் போகிற பொத்தானில் பட்டுவிட்டது. அடுத்து இருந்தது, பஸ் பரிசோதனை முடிந்ததும் நான் பேசிப் பதிவு செய்தது.

பேச்சுக்கு அந்தக் குறைந்த பிட் ரேட்டே தாராளம். ஒரு எழுத்து சிதையாமல், குற்றாலம் முழுக்க என் குரல் முழங்கியது: "வணக்கம். நான் மேலகரம் சவுண்ட் இன்ஜினியர். பதினாறில் கேட்டுப் பார்த்தேன். வித்தியாசமே தெரியல. அருமை! அருமை!"

அதன் பிறகு என்ன நடந்தது என்பதை நான் மேசைக்கு அடியிலிருந்துதான் பார்த்தேன். மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. போட்டி நடத்துகிறவர் ஒருவர் மேடையேறி, "நீங்க வேணா எறங்கிருங்கம்மா, அடுத்த ஆளக் கூப்பிடுதோம்" என்றார்.

அக்கா இறங்கவில்லை. மைக்கை அவர் கையில் கொடுத்தாள். இரண்டடி முன்னால் வந்தாள்.

"எல்லாரும் அமைதியா உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். ரம்புட்டான் பழம் விற்றவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். போட்டி நடத்துகிறவரும் மேடையிலேயே சம்மணமிட்டார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வீணை இல்லை, தபேலா இல்லை, மைக்கும் இல்லை. வருடக்கணக்காக அருவிச் சத்தத்தோடு மல்லுக்கட்டிய குரல் அது. கத்தாமலே கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. புல்லாங்குழல் வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் தூரத்து அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவள் எடுத்த வரியில் எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. பொத்தானை அழுத்தத் தெரிந்ததற்கெல்லாம் கர்வப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். இவள் கூடப்பிறந்தவன் என்பதற்குக் கர்வப்படலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

முடிந்ததும் யாரும் உடனே கைதட்டவில்லை. அனுமதி உண்டா என்று தெரியாமல் இருந்தார்களோ என்னவோ. கடைசி வரிசையில் ஒரு குடை மடங்கியது. முதல் கைத்தட்டு அங்கிருந்துதான் வந்தது. ஏட்டு எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது.

முதல் பரிசு, சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே பாடிய ஒருவருக்குப் போனது. அக்காவுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் குடம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடக்க, நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பஸ் ஏறும்போது அப்பா சொன்னார்: "ஏட்டி பேச்சி, அடுத்த வருசம் பாடும்போது பாட்டுப் பெட்டிய இவங்கிட்ட குடுக்காத."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் ஷாம்பு பறிகொடுத்ததாகக் கூட்டத்தில் ஒருவர் சொன்னாரே, அவர் வீரகேரளம்புதூரில் பள்ளிக்கூட ஆசிரியர். அடுத்த மாதம் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். "திட்டுன குரலும் பாடுன குரலும் ஒண்ணுதானான்னு உறுதி பண்ணிட்டுப் போவலாம்னு வந்தோம்" என்றார். அக்கா உள்ளேயிருந்து, "செருப்ப வெளிய விடுங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். அவருக்கு உறுதியாகிவிட்டது. கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்த அத்தான்தான் எனக்குச் 'சுருக்குப்பை' என்று பெயர் வைத்தார். எதைக் கொடுத்தாலும் சுருக்கிவிடுவேனாம். எங்கள் சொந்தத்தில் பலருக்கு என் நிஜப் பெயர் தெரியாது.

போன வருடம் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் என்கிற முறையில் நான் பட்டு வேட்டியோடு அமர்ந்து, குழந்தையை மடியில் வாங்கினேன். ஆசாரி ஊசியை எடுத்தார். அத்தான் சபைக்கு முன்னால் சத்தமாகச் சொன்னார்:

"ஆசாரியாரே, பாத்துக் குத்துங்க. சுருக்குப்பை மடியில இருக்க காது. இதுக்கு எது தேவை, எது தேவையில்லன்னு அவரே முடிவு பண்ணி பாதியத் தூக்கிருவாரு."

சபை சிரித்து ஓயவில்லை, ஊசி இறங்கிவிட்டது. பிள்ளை வாயைத் திறந்து ஒரு வீறிடல் வீறிட்டது பாருங்கள்! நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எஸ்.ஐ.யாகிவிட்ட என் அக்கா அந்தக் குரலைத் தலைசாய்த்துக் கேட்டாள். பிறகு ரொம்பப் பெருமையாகச் சொன்னாள்:

"ஏலே, இத எப்படிலே சுருக்குவ?"