தண்ணீருக்குச் சட்டம் போட்ட விசில் ஐயா

கடவுள் தண்ணீரைப் படைத்தார். அதில் யார் எப்போது இறங்கலாம், எப்படி நீந்தலாம், எப்போது கரையேறலாம் என்பதையெல்லாம் எங்கள் விசில் ஐயாவின் பொறுப்பில் விட்டுவிட்டார். ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் அவரால் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களாக இருப்பார்கள்.

உத்தியோகத்தில் அவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர். காய்ச்சலுக்கும் கால் வெட்டுக்கும் ஒரே நிற மருந்தைக் கொடுத்து இரண்டையும் குணமாக்கியவர். ஆனால் அவர் உயிர் நீச்சல் போட்டியில்தான் இருந்தது. கொழும்பில் மருந்து கலக்கப் படித்த காலத்தில், போட்டியில் நீந்தப் போன நண்பர் ஒருவர் துண்டு பிடிக்க இவரைக் கூட்டிப் போயிருக்கிறார். நண்பர் தோற்றுப்போனார். இவர் சட்டங்களை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டு மலையேறிவிட்டார்.

தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோருக்குத் தண்ணீர் தேக்கும் குளம் ஒன்று எங்களிடம் இருந்தது. இரண்டு முனையிலும் சிமெந்துச் சுவர். மூங்கில் துண்டு கோத்த கயிறுகளை நெடுக்கே கட்டி ஆளுக்கொரு பாதை பிரித்துவிடுவார் ஐயா. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. கணக்கப்பிள்ளைமார், ஸ்டோரில் மெஷின் பார்க்கும் பிட்டர், பஜார் கடைக்காரர்கள், ஆபீசில் இளைய கிளார்க்காக இருந்த நான் என்று நீந்துகிறவர்கள் அத்தனை பேரும் மீசை வைத்தவர்கள், பாதிப் பேர் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஐயா முன்னால் மட்டும் கைகட்டி வரிசையில் நிற்போம்.

முதல் வருஷம் போட்டியைத் தொடங்கி வைக்கத் துப்பாக்கி கிடைக்கவில்லை. ஐயா பெரட்டுத் தப்பை அடிக்கச் சொன்னார். விடிகாலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற அதே பறை. நாங்கள் குளத்தில் குதித்தோம். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"என்னாங்க டாக்டரய்யா, ஞாயித்துக்கெழமையுமா பெரட்டு?" என்று முன்னால் வந்த பெண் கேட்டாள்.

"பெரட்டு இல்ல தாயி, நீச்சலு."

"இந்தக் குளுருலயா? யாரு அடிச்சுத் தள்ளுனது இவங்கள?"

வந்தது வந்தாயிற்று என்று எல்லோரும் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மறு வருஷம் ஐயா கொழும்பிலிருந்து விசில் தருவித்தார். பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

குளிருக்குப் பயந்து உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு வருவோம். எண்ணெய் பூசினால் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகலாம், அது அநியாயம் என்பது ஐயாவின் கட்சி. ஆஸ்பத்திரிப் பஞ்சால் ஒவ்வொருவர் தோளையும் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்ப்பார். ஒரு தடவை என்னிடம், "எண்ணெ இல்ல, ஆனா நேத்து மீன் சாப்பிட்டிருக்க" என்றார். உண்மைதான்.

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா இடுப்பில் கட்டிய சாரத்தோடு குதிப்பவர். சாரம் காற்றைப் பிடித்துக் குடைபோல விரிந்து அவரை மிதக்க வைக்கும். கையை மட்டும் ஆட்டிக்கொண்டு சொகுசாகப் போவார். ஐயா விசில் அடித்து நிறுத்தினார்.

"நானா, சாரத்துக்குள்ள காத்து இருக்கு. மெதக்கிறதுக்கு உதவி வச்சிருக்கீங்க. வெளிய வாங்க."

"காத்து ஆண்டவன் குடுத்ததுங்க ஐயா."

"எல்லாருக்கும் குடுத்தாரு. நீங்க மட்டும்தான் கட்டி வச்சிருக்கீங்க."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய மரியாதைச் சட்டம். கடைசி ஆள் சுவரைத் தொட்டு, ஐயா முடிவை அறிவிக்கும்வரை ஒருவரும் தண்ணீரைவிட்டு ஏறக்கூடாது. பக்கத்துப் பாதைக்காரனிடம் கை குலுக்கிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும். மார்கழி மாதத்து மலைத் தண்ணீர்! முதலில் வந்தவன்தான் அதிக நேரம் விறைக்க வேண்டும் என்பதால், எங்களில் சிலர் வெற்றியை விரும்புவதையே விட்டுவிட்டார்கள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களோடு சண்டை போடலாம். விசில் ஐயா நாலு கால் என்று சாதிப்பவர். அவரை என்ன செய்வது?

தவளை நீச்சலில் அவர் சட்டம் இன்னும் கறார். முடிவில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு வருஷம் எங்கள் ஸ்டோர் பிட்டர் எல்லோருக்கும் முன்னால் வந்து ஒரு கையால் தொட்டுவிட்டார். ஐயா வெளியேற்றினார்.

"ஒரு கையி தொட்டா என்னாங்க, ரெண்டு கையி தொட்டா என்னாங்க? செவுரு ஒண்ணுதானே?" என்று பிட்டர் கத்தினார்.

"தவள எப்பவாச்சும் ஒத்தக் கையால நீந்தி நீ பாத்திருக்கியா?"

பிட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐயா கையால் மருந்து வாங்க மாட்டேன் என்று, காய்ச்சல் வந்தபோதுகூட பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனார். ஆனால் வீட்டுச் சுவரை இரண்டு கையாலும் அடித்து அடித்துப் பழகுகிறார் என்று அவர் மனைவி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷப் போட்டிக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தார். தோட்டத்து மேனேஜரான பெரிய துரைக்கு உதவியாகச் சீமையிலிருந்து வந்திருந்த சின்னத் துரை. ஊரில் பெரிய நீச்சல்காரராம். தவளை நீச்சலுக்குப் பேர் கொடுத்தார். குளம் பெரிய துரை மனது வைத்துக் கொடுத்தது, வெள்ளிக் கோப்பை அவர் மனைவி துரைசாணி கொடுத்தது. இருவரும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

ஐயா விசில் ஊதினார். குதித்தோம். சின்னத் துரை முன்னால், பிட்டர் அடுத்ததாக, நான் நாலாவதாக. சின்னத் துரை சுவரை எட்டித் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினார். ஒரே கை. பிட்டர் அவருக்குப் பின்னால் வந்து இரண்டு கையாலும் சுவரை ஓங்கி அறைந்தார். கரை முழுக்கக் கை தட்டல். துரைசாணி கோப்பையோடு எழுந்தார்.

மறுபடியும் விசில்.

ஐயா குளத்தோரம் குந்தி உட்கார்ந்து, சின்னத் துரையிடம் இங்கிலீஷில் பணிவாக விஷயத்தைச் சொன்னார். பிறகு, தோட்டத்துத் தமிழ் பழகிய பெரிய துரை பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். பெரிய துரையின் முகம் சிவந்தது.

"டிஸ்பென்சர், அவன்தானே முன்னுக்கு வந்தது? கோப்பை கொடு."

"முன்னுக்கு வந்தாருங்க தொரை. முடிக்கல."

துரையை எதிர்த்தால் வேலை போகும், வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகும். எங்களுக்கே தெரிந்தது ஐயாவின் மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பின்னால் நின்றார்.

"என்னாங்க, ஒங்களத்தான். தொரைமாருக்கு ஒரு கையி போதும்னு விட்டுருங்க. வீட்டக் காலி பண்ணச் சொன்னா புள்ளைகள இழுத்துக்கிட்டு நான் எங்கங்க போவேன்?"

ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. எதிரே தண்ணீருக்குள்ளிருந்து பிட்டர் கும்பிட்டார்.

"ஐயா, எனக்கு வேணாங்க. தொரைக்கே குடுத்துருங்க."

"வேணுமா வேணாமான்னு நான் ஒன்னக் கேக்கல. நீ ஜெயிச்சிட்ட."

"நானும் ஒத்தக் கையாலதாங்க தொட்டேன்!"

"பொய் சொன்னா அதுக்கும் வெளிய ஏத்துவேன்."

இந்த வழக்கு நடந்து முடியும்வரை நாங்கள் தண்ணீருக்குள்தான் நின்றோம். முடிவை அறிவிக்கவில்லையே! என் பக்கத்தில் சின்னத் துரையும் உதடு நீலமாகி நின்றார். ஏறலாமா என்று என்னைக் கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பேசப் பல் விடவில்லை.

பெரிய துரை கோப்பையைத் தாமே வாங்கி, குனிந்து, சின்னத் துரையின் கையில் திணித்தார். ஐயா அதைத் தடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்று, "தவள நீச்சலு, மொத எடம், ஸ்டோர் பிட்டர்!" என்று அறிவித்தார். ஒருவரும் கை தட்டவில்லை. பிட்டர் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டார்.

மறுநாள் பெரிய துரை ஐயாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் பேனாவை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

"நேற்று நான் நீந்தியிருந்தால்? எனக்கும் விசில் அடிப்பியா?"

"ரெண்டு தடவ அடிப்பேங்க தொரை. ஒங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இதற்கு மேலும் ஒரு மனிதனை யார் காப்பாற்ற முடியும்? வலப்பனைப் பக்கம் அதே கம்பெனிக்கு இருந்த ஒரு சின்னத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டதாகத் துரை சொன்னார். ஐயா கேட்ட ஒரே கேள்வி, "அங்க கொளம் இருக்குங்களா?" என்பதுதான். இல்லை. எங்கள் குளத்துக்கும் அந்த வாரமே முள்வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

எங்களுக்கு அவர்மேல் கோபம்தான். ஒரு கையை இரண்டு கையாகப் பார்த்திருந்தால் குளமும் இருந்திருக்கும், அவரும் இருந்திருப்பார் என்று பேசிக்கொண்டோம். அப்படிப் பேசிவிட்டு, அவர் அப்படிப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தோம். பிடிக்கவில்லை. பேச்சை மாற்றிவிட்டோம்.

அவர் போன அன்று சாமான் ஏற்றிய லொறி ஆபீசுக்கு முன்னால் நின்றது. ஐயா டிரைவர் பக்கத்தில், மனைவி அவர் பக்கத்தில், பிள்ளைகள் மெத்தைமேல். பெரிய துரை ஆபீஸ் வாசலில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் நாங்கள் எல்லோரும் லொறியைப் பார்க்காதவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றோம்.

ஸ்டோரிலிருந்து பிட்டர் இறங்கி வந்தார். கையெல்லாம் கிரீஸ். நேரே வந்து லொறிக்கு முன்னால் நின்றார். துரை நிற்பதை நன்றாகப் பார்த்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"ஐயா! நாந்தாங்க ஜெயிச்சேன்!"

ஐயா தலையை வெளியே நீட்டினார். "அத நான் அன்னிக்கே சொல்லிட்டேனே. வழிய விடு."

முதலில் கை தட்டியது அவர் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். பிறகு நாங்கள் தட்டினோம். லொறி வளைவில் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தோம். துரை உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு எத்தனையோ குளத்திலும் ஆற்றிலும் இறங்கியிருக்கிறேன். அதெல்லாம் குளியல். நான் நீந்தியது, அவர் கரையில் நின்று பார்த்த வருஷங்களில் மட்டும்தான்.