வாப்பாவின் கோட்டும் ஒரு வண்டி தூரியனும்

பழக்கடை நடத்துகிறவனுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைக்கக் கூடாது. பிடித்தால் அதை ஒளிக்கக் கூடாது. நான் ஒளித்தேன். அதனால்தான் கண்டிச் சந்தையில் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிலர் மூக்கைப் பொத்திக் காட்டுகிறார்கள்.

எங்கள் மொத்தக் கடையின் முதல், வாப்பாவின் மூக்கு. வண்டி வந்து நின்றதும் ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடி, காம்புப் பக்கம் மணந்து பார்ப்பார். அவர் கண்ணைத் திறக்கும்வரை சந்தையே காத்துக்கொண்டு நிற்கும். (நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் மூக்கு அதுவும் படிக்கவில்லை.)

அவர் மௌத்தாகி இரண்டு மாதத்தில் கடைக்கு நான் முதலாளி. வயது பத்தொன்பது. யாரும் மதிக்கிறதாகத் தெரியவில்லை. வாப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டால் மதிப்பார்கள் என்று நினைத்தேன். அது உம்மாவின் அறையில் ஆணியில் தொங்கியது. அப்போது உம்மா வெள்ளை உடுத்து, நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருந்த காலம். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு அந்தக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பார். நான் காணாத மாதிரிப் போய்விடுவேன்.

கேட்டதும் தந்தார். ஆனால் கோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வாப்பாட மணம் இதுல மட்டும்தான் மகன் ஈக்கிது. கவனமாக் கொண்டு வாங்க."

"பூ மாதிரிக் கொண்டு வாறேன் உம்மா" என்றேன்.

அன்று வியாழக்கிழமை. எனக்கு நல்ல தடிமன். இரவெல்லாம் அழுததில் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அந்த வருஷத்தின் முதல் தூரியன் வண்டி வந்தது. சந்தையே என்னைப் பார்த்தது. கோட்டை இழுத்துவிட்டு, ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. சுவரை மணந்த மாதிரி இருந்தது.

"நல்ல வாசம்!" என்றேன். முழு வண்டியையும் எடுத்தேன்.

எங்கள் நாட்டாமி முத்தண்ணன் இருபது வருஷமாக வாப்பாவிடம் மூட்டை சுமந்தவர். அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"மொதலாளி, எல்லாம் வெடிச்சுப் போயிருக்குங்க. கோழிக்கூட்டு வாழையோட ஒரே அறையில அடைக்க வேணாங்க."

கோழிக்கூட்டு வாழைப்பழம் முழுக்கக் கெலிஓயா ஹாஜியாரின் மகள் கலியாணத்துக்கு. வாப்பா காலத்திலிருந்து அவர் வீட்டு விசேஷம் எதுவானாலும் பழம் எங்கள் கடையில்தான்.

"எனக்குத் தெரியாதா முத்தண்ணே? அடைங்க!"

வௌவால் வரும் என்று ஜன்னலுக்கும் சாக்குக் கட்டினேன். குலை தூக்க வசதியாகக் கோட்டைக் கழற்றி உள்ளே ஒரு ஆணியில் மாட்டியவன், அப்படியே மறந்து பூட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை கடை இல்லை.

"கோட் எங்க?" என்று உம்மா கேட்டார்.

"கடையில பத்திரமா ஈக்கிது."

சனிக்கிழமை காலை அறையைத் திறந்தோம். முத்தண்ணன் துவாயை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டினார். தூசிக்கு என்று நினைத்தேன். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாழைக்குலை ஏற்றிய மாட்டு வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் சனம் ஒதுங்கி நின்றது. பெண்கள் முந்தானையால் முகத்தை மூடினார்கள். வாப்பாவின் கோட்டுக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்குக் கண் கலங்கியது.

கலியாண வீட்டு வாசலில் ஹாஜியார் இரண்டு கையையும் விரித்து வண்டியை மறித்தார்.

"அடே, தூரியனா கொண்டாந்தீக்கிறாய்?"

"இல்ல ஹாஜியார். கோழிக்கூட்டு."

அவர் ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, என் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"மணந்து பாரு."

பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு என்ன சொல்வேன்?

"நல்ல வாசம்" என்றேன்.

சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"ஆறு பேர் ஒரே சஹன் தட்டுல குனிஞ்சி சாப்பிடோணும். இத நடுவுல வெச்சா மாப்பிள்ளை எழும்பி ஓடிருவான்! ஒனக்கு மூக்கு இல்லயா?"

"தடிமன் ஹாஜியார்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கிட்ட வந்து கோட்டின் கையைத் தொட்டார். "ஒங்க வாப்பாட கோட்டா? பழத்தவிட இதுதான்டா கூட நாறுது."

அப்போதுதான் உம்மா சொன்னது எனக்கு உறைத்தது. ஹாஜியார் கெலிஓயாவிலேயே வேறு பழம் எடுத்துக்கொண்டார். வெட்கம்தான், ஆனால் அதைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. திரும்பும் வழி முழுக்கக் கோட்டைக் காற்றில் உதறிக்கொண்டே வந்தேன்.

"அதெல்லாம் போகாதுங்க மொதலாளி" என்றார் முத்தண்ணன், துவாய்க்குள்ளிருந்து.

பின்பக்கமாக வீட்டுக்குள் நுழையப் பார்த்தேன். நான் வேலியைத் தாண்டுமுன்பே உம்மா கதவடியில் நின்றார். என் கையிலிருந்த கோட்டை வாங்கி, முகத்தை அதில் புதைத்தார். தோள் குலுங்கியது.

"உம்மா, மன்னிச்சிருங்க..."

முகத்தை எடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தார். வாப்பா போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் காணவில்லை.

"தூரியன் காலத்துல ஒங்க வாப்பா இப்பிடித்தான் வருவார். நான் உள்ள எடுக்க மாட்டேன். ரெண்டு வாளி ஊத்தினாத்தான் கதவு." கோட்டை என் தோளில் போட்டார். "போங்க கெணத்தடிக்கி. கோட்டோடயே நில்லுங்க."

அவரே இறைத்து ஊற்றினார். இரண்டாவது வாளி ஊற்றும்போது இரண்டு பேரும் அழுதோம். மூக்கைச் சீந்தினேன், அடைப்புத் திறந்துகொண்டது. அப்போதுதான் அந்த நாற்றம் எனக்கே அடித்தது. யா அல்லாஹ்!

இரண்டு வருஷமாகிறது. ஹாஜியார் அடுத்த கலியாணத்துக்கும் எங்களிடமே பழம் எடுத்தார். ("தடிமன் எண்டா நீ வராத, ஆள அனுப்பு" என்று சொல்லிவிட்டு.) வண்டி வந்தால் முத்தண்ணன் முதலில் என் கண்ணைப் பொத்தி, தேசிக்காயோ இஞ்சியோ எதையாவது கிள்ளி என் மூக்கில் பிடிக்கிறார். இன்னதென்று சொன்னால்தான் மூட்டையில் கை வைப்பார். வீட்டில் கறி தீய்ந்தால் "நல்ல வாசம்" என்கிறோம்.

போன கிழமை, முதல் தூரியன் வண்டி வருகிறது என்று உம்மாவிடம் சொன்னேன். அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்து நீட்டினார்.

"போட்டுட்டுப் போங்க மகன். வாளி ரெண்டயும் நான் நெரப்பி வெக்கிறேன்."