கொளஞ்சிநாதனின் மார்புப் பட்டை

மனித குலம் விண்வெளியை வென்ற வரலாற்றை நாளைக்கு யாராவது நேர்மையாக எழுதினால், விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்பக்கம் இருக்கும் ஒரு மாடிப்படிக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும். அந்தப் படியில் உட்கார்ந்தால்தான் எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்துதான் கொளஞ்சிநாதன், கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு, இரண்டு பேப்பர் அரியர், விண்வெளி வீரர்களின் இதயத்தைக் 'கண்காணித்து' வந்தான்.

எந்த நிறுவனம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்று கொளஞ்சியே டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். மாணவர் பயிற்சிப் பணி. பதவியின் பெயர் 'மருத்துவத் தரவு மேலாண்மை'. விண்வெளிக்குப் போகப் பயிற்சி எடுப்பவர்களின் நாடித்துடிப்பு, மூச்சு, தூக்கம் எல்லாம் எண்களாக அவன் லேப்டாப்புக்கு வரும். உயிரோடு இருக்கிற மனிதனுக்கு இருக்கவே முடியாத எண் ஏதாவது நடுவில் தலைகாட்டினால், 'கருவிப் பிழை' என்று குறித்து நீக்கிவிட வேண்டும். சம்பளம் கிடையாது. கடைசியில் ஒரு சான்றிதழ் உண்டு. அது கைக்கு வந்தால் பெங்களூரில் வேலை நிச்சயம் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

அடுத்த வீட்டு ஆட்டோக்காரர் பக்கிரி ஒருநாள் படிக்குக் கீழே நின்று கேட்டார்.

"ஏந்தம்பி, ராக்கெட்டுல போறவருக்கு சுகர் இருக்குதா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுண்ணே."

"சும்மா சொல்லு. எங்க மாமாவுக்கு இருக்குது. அவர ஏத்துவாங்களான்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன்."

"மாமா விண்வெளிக்குப் போகப் போறாராண்ணே?"

"எங்கயாச்சும் போனாத் தேவலன்னு அத்த சொல்லுது."

கொளஞ்சி சிரிக்கவில்லை. விஞ்ஞானிகள் சிரிக்கமாட்டார்கள் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தான்.

அவனுடைய அம்மா அமிர்தம் செராமிக் கம்பெனியில் வேலை செய்பவள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைத் தேய்த்து வழவழப்பாக்கிச் சூளைக்கு அனுப்புவது அவள் வேலை. சாயங்காலம் வீடு வரும்போது தூசி படிந்து புருவம்கூட வெள்ளையாக இருக்கும். மகனுடைய வேலையை அவள் ஒரே நொடியில் புரிந்துகொண்டாள்.

"கெட்டத எடுத்துட்டு நல்லத வெக்கிற. நானும் அதாண்டா பண்றேன். நீயும் குந்திக்கினு, நானும் குந்திக்கினு" என்றாள். பிறகு இருமினாள். அந்த இருமல் அந்த வீட்டில் ரொம்ப நாளாகக் குடியிருந்தது. கரகரக்கும் மின்விசிறிபோல அது யார் காதிலும் விழுவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மார்புப் பட்டை வரும்வரை. வீரர்களின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்க, பூமியில் வசிக்கும் 'ஆரோக்கியமான சாதாரண மனிதர்' சிலருடைய அளவுகளும் வேண்டுமாம். பயிற்சி மாணவர்களையே அந்த மனிதர்களாக நியமித்து, ஆளுக்கொரு பட்டையைக் கூரியரில் அனுப்பினார்கள். நெஞ்சில் கட்டிக்கொண்டால் துடிப்பையும் மூச்சையும் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனையும் அதுவே அளந்து அனுப்பிவிடும். கொளஞ்சி பயபக்தியோடு கட்டிக்கொண்டான். ஒரு வாரத்தில் மருத்துவப் பிரிவின் பொறுப்பாளர் பானுமதி மேடத்திடமிருந்து போன் வந்தது.

"கொளஞ்சிநாதன், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேங்க மேடம்."

"எடையே இல்லாம மிதந்தா உடம்பு என்ன ஆகும்னு பாக்க, மாசக்கணக்கா சிலரைப் படுக்கவே வெச்சிருக்கோம். அவங்க அளவும் உங்க அளவும் அப்படியே ஒண்ணா இருக்கு. நீங்க எழுந்து நடமாடுறதே இல்லையா?"

கொளஞ்சி யோசித்துப் பார்த்தான். சாப்பாட்டுத் தட்டு அவனிடம் வந்தது, போனது. துணி துவைந்தது, காய்ந்தது, மடிந்தது. தண்ணீர்க் குடம் தானாக நிரம்பியது. ராக்கெட் இல்லாமலே எடையற்று வாழ்ந்த முதல் மனிதன் தான்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உடல் உழைப்பு இருக்கணும். இல்லேன்னா உங்களை இந்தத் திட்டத்துல வெச்சுக்க முடியாது" என்றார் மேடம்.

சான்றிதழ் கண்ணெதிரே பறந்து போவதைப் பார்த்த கொளஞ்சி, உடனே செயலில் இறங்கினான். அந்த வீட்டில் உடல் உழைப்பு என்கிற இலாகா முழுவதும் ஒரே ஆளிடம்தான் இருந்தது. பட்டையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினான்.

"இதக் கட்டிக்கினா ராக்கெட்டுக்காரங்களுக்கு நல்லதாடா?"

"ரொம்ப நல்லதும்மா."

"ஒனக்கு?"

"எனக்கும்தான்."

"அப்பக் கட்டு" என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கம்பெனிக்கும் அதோடுதான் போனாள். தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. அளவுகள் கொட்டின. உழைப்பைப் பார்த்து நிறுவனமே ஆடிப்போனதாம். ஆனால் மேடத்தின் குரல் இந்தமுறை வேறு மாதிரி இருந்தது.

"கொளஞ்சிநாதன், கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்க. உங்க ஆக்சிஜன் ரொம்பக் குறைவா இருக்கு. பகல்ல இறங்குது, ராத்திரி தூங்கும்போதும் ஏறல. புகை அடைச்ச அறையில வெச்சுச் சோதிக்கிறோமே, அந்த வீரர்களுக்குக்கூட இப்படி ஆனதில்ல. இது நுரையீரல் பிரச்சினை. நாளைக்கே டாக்டரைப் பாருங்க, நெஞ்சுப் படம் எடுங்க. தள்ளிப் போடாதீங்க."

கொளஞ்சி கணக்குப் போட்டுப் பார்த்தான். இது என் அளவு என்று சொன்னால், உடம்பு சரியில்லை என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் அளவு என்று சொன்னால், ஏமாற்றுக்காரன் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். நாலு மாதம் கற்ற கல்வி சரியான சமயத்தில் கைகொடுத்தது.

"கருவி சரியில்லைங்க மேடம்" என்றான்.

புதுப் பட்டை வந்தது. அம்மா மறுபடியும் கையைத் தூக்கினாள். புதுப் பட்டையும் அதையே சொன்னது.

"இதுவும் சரியில்லைங்க மேடம்."

"சரி. அப்ப அந்த அளவைப் பிழைன்னு குறிச்சு நீக்கிடுங்க. நீங்க கட்டிக்கிட்டு மறுபடி அனுப்புங்க" என்றார்.

விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. உள்ளே அடுப்பங்கரையில் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அது அவன் காதில் முழுதாக விழுந்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"யம்மா, டாக்டரப் பாத்துட்டு வந்துடலாமா?"

"எதுக்கு? ஒரு நாள் லீவு போட்டா அடுத்த நாள் வேற ஆள வெச்சிடுவாங்க. மொதல்ல ஒனக்கு சர்டிபிகேட்டு வரட்டும். நீ பெங்களூரு போனப்புறம் பாத்துக்கலாம்." அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, நாங் கட்டுனது சரியா இருந்துச்சா? மேடம் என்னா சொன்னாங்க?"

"நல்லா உழைச்சிருக்கன்னு சொன்னாங்கம்மா."

அவள் முகம் மலர்ந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். அவனுக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு வாரம் பக்கிரியின் ஆட்டோவைத் தள்ளிக் கொடுத்தும், ரயில்வே மேம்பாலத்தில் ஓடியும் தானே ஆரோக்கியமான சாதாரண மனிதனாகிக் காட்டினான்.

சான்றிதழ் வந்தது. 'தரவுத் தூய்மையில் தலைசிறந்தவர்' என்று அதில் போட்டிருந்தது. கல்லூரி பாராட்டு விழா எடுத்தது. வாசல் பேனரில் கொளஞ்சியின் முகத்தை விண்வெளி உடைக்குள் செருகி, பின்னால் நிலாவையும் பழமலைநாதர் கோபுரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். முதல்வர் ஆதிநாராயணன் பொன்னாடை போர்த்தினார்.

"எங்கோ வானத்தில் மிதப்பவரின் ஒரு மூச்சு பிசகினாலும், நம் விருத்தாசலத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறார் நம் மாணவர்!" என்று மைக்கில் முழங்கினார்.

அப்போது பின்னாலிருந்து இருமல் கேட்டது. நிற்கவில்லை. முதல்வர் முகம் சுளித்தார். "யாருங்க அது? கொஞ்சம் அமைதி" என்றார். சேலைத் தலைப்பு ஒன்று அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டது.

கொளஞ்சியைப் பேச அழைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. பொன்னாடை கனமாக இருந்தது, கூட்டம் பெரிதாக இருந்தது.

"லட்சக்கணக்கான அளவுகள் என் கையில் வந்தன. எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றே ஒன்றுதான் தவறு. அதையும் நானே நீக்கிவிட்டேன்" என்றான்.

அரங்கம் அதிர்ந்தது. முதல்வர் கை தட்டினார், பக்கிரி விசிலடித்தார், நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினோம். கடைசி வரிசையில், வாயில் பொத்திய தலைப்பை எடுத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்க, எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தது அவன் நீக்கிய அந்த ஒரு அளவு.