நாலு விரல் இடைவெளி

உத்திரமேரூர்
12.2.2001

மதிப்புக்குரிய சனாவுல்லா மாமுவுக்கு,

தங்கள் தங்கை மகன் நவாஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் அம்மா நலம். நானும் இன்று மதியம்வரை நலமாக இருந்தேன். ஆம்பூரில் மாஹிராவும் உங்கள் பேரக்குழந்தையும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். குழந்தைக்கு நாற்பது நாள் முடிந்த பிறகுதான் நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்று தெரியும். அதுவரை உங்கள் பிக்கப்பை நான்தான் ஓட்ட வேண்டும் என்பதும் தெரியும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்குத் தைரியம் வந்துவிடும். இப்போது எனக்குத் தைரியம் வரக் கூடாது.

மாமு, பயமாக இருக்கிறது. எம்.ஏ.வில் பயம் என்ற தலைப்பில் அறுபது பக்கம் எழுதித் தேறியவன் நான். அதில் ஸ்டீயரிங் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி, செங்கேணியின் பட்டறையில் பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டோம். செங்கேணி பின்பக்கம் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு, இனி எவ்வளவு ஏற்றினாலும் வண்டி குனியாது என்றார். குனியவில்லை. அதுதான் பிரச்சினை.

வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒன்றேகால் டன் என்று போட்டிருக்கிறது. அதைப் படித்தவன் நான் ஒருவன்தான். நமக்கு அளவு லோடுமேன் பச்சமுத்துவின் கை. மூட்டை ஏற்றும்போது நடுநடுவே இறங்கி வந்து, பின் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கையை நுழைப்பார். நாலு விரல் நுழைந்தால் இன்னும் ஏற்றலாம். மூன்று என்றால் நிறுத்த வேண்டும். இத்தனை வருடமாக அந்தக் கை இருபத்திரண்டு நெல் மூட்டையில் நின்றுவிடும். இன்று பெருநகரில் ராஜாராம் களத்தில் இருபத்திரண்டு ஏற்றியும் நாலு விரல், இருபத்தெட்டிலும் நாலு விரல், முப்பத்திரண்டில் அவருக்கே சந்தேகம் வந்து மற்றக் கையையும் விட்டுப் பார்த்தார், அதுவும் நாலு விரல். போதும் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"நாலு வெரலு கீது சின்ன பாய். வண்டியே ஒண்ணும் சொல்லல, நீ இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?"

விளக்கினேன். புது பிளேட் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் பிரேக் பழைய பிரேக், ஆக்சில் பழைய ஆக்சில், டயரும் அதே டயர், குனியாததால் பாரம் குறைந்துவிடாது என்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு முப்பத்தெட்டாவது மூட்டையை ஏற்றிவிட்டு, வழக்கம்போல அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மானாம்பதி தாண்டி ஏரிக்கரை மேல் ஏறுகிற இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே கையில் ஸ்டீயரிங் இருந்தது. ஸ்டீயரிங்கில் வண்டி இல்லை. வலதுபக்கம் ஒடித்தேன், வண்டி நேராகப் போனது. இடதுபக்கம் ஒடித்தேன், அப்போதும் நேராகத்தான் போனது. முன் கண்ணாடியில் சாலை மறைந்து வானம் தெரிந்தது. முன் சக்கரம் இரண்டும் தரையில் இல்லை மாமு. எஞ்சின் நின்றது. பிரேக்கை மிதித்தேன். அது யோசித்தது. வண்டி பின்னால் உருள, பின்னால் ஏரி, ஏரி நிறையத் தண்ணீர், மூட்டைமேல் பச்சமுத்து, எனக்கு எந்த துஆவும் நினைவுக்கு வரவில்லை, வாயில் வந்தது சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதினேழாம் வாய்ப்பாடு. பச்சமுத்து குதித்து ஒரு கல்லை உருட்டிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். கரை விளிம்புக்கும் டயருக்கும் நடுவே இருந்த இடத்தை நானே அளந்தேன். நாலு விரல்.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சொக்கம்மாள் நிதானமாக எழுந்து வந்து, அண்ணாந்து நின்ற வண்டியைப் பார்த்தார்.

"இன்னா நைனா, மழ வருதான்னு வண்டி மானத்தப் பாத்துகினு கீதா?"

பதினாறு மூட்டையை இறக்கினோம். முன் சக்கரம் பெருமூச்சோடு தரைக்கு வந்தது. இரண்டு நடையாக மில்லில் சேர்த்தோம். அம்மாவிடம் சொன்னேன். ஏதோ ஓதி ஊதினார், எனக்கு அல்ல, ஸ்டீயரிங்குக்கு.

வியாழக்கிழமை ராஜாராமின் மீதி நெல்லை ஏற்ற வேண்டும். ஒரே நடையில் வேண்டுமாம், இல்லையென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வாராம். பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் அந்த நாலு பிளேட்டையும் கழற்ற நீங்கள் அனுமதி தர வேண்டும். தராவிட்டால் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். இது கோபமில்லை. எனக்கு இருபத்து நாலு வயது. பச்சமுத்துவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாள். கண்ணை மூடினால் வானம் தெரிகிறது. வேறு ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமிக்கு சலாம். மாஹிராவின் குழந்தைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆயுள் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது, மன்னிக்கவும்.

தங்கள் கீழ்ப்படிந்த
நவாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பச்சமுத்து வந்துவிட்டார். வண்டி முன்னால் தூக்கியது பின்னால் பாரம் அதிகமானதால் அல்ல, முன்னால் பாரம் இல்லாததால் என்கிறார். ராத்திரி முழுவதும் யோசித்தேன். வாதத்தில் ஓட்டை இல்லை. இன்று காலை முன் பம்பரில் இரண்டு மூட்டையைக் கட்டி, முப்பது மூட்டையோடு ஏரிக்கரை ஏறிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கில் வண்டி இருக்கிறது. பிளேட்டைக் கழற்ற வேண்டாம். முன்பக்கமும் இரண்டு பிளேட் போடச் செங்கேணியிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை நாற்பத்திரண்டு மூட்டை, ஒரே நடை. நீங்கள் கவலைப்படாமல் குழந்தையைப் பாருங்கள். ஒரே ஒரு மாற்றம். அன்றைக்குப் பச்சமுத்து மூட்டைமேல் உட்காரவில்லையாம். பஸ்ஸில் வந்துவிடுகிறாராம்.